பத்தொன்பதாம் வீட்டு முறை

என் அம்மா தனலெட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கூரை ஒழுகும் ஒரு வீட்டில், ஓர் எண் வரும் வரும் என்று இருபத்து நான்கு வருஷம் காத்துக் கிடந்த மனுஷியைப் பற்றி வேறு எப்படித் தொடங்குவது? அந்த எண் பத்தொன்பது. எங்கள் வீட்டு எண் அது.

எங்கள் எஸ்டேட் செண்டாயான் டவுனிலிருந்து காரில் இருபது நிமிஷம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லயத்து வீடுகள் மட்டும் மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஆற்றங்கரை வரை ஒரே நீட்டாக அப்படியே நிற்கின்றன. மொத்தம் அறுபத்தாறு. கோயிலை ஒட்டியது ஒன்றாம் வீடு, ஆற்றை ஒட்டியது அறுபத்தாறாம் வீடு. கோயில் பக்கத்துக்காரர்களுக்கும் ஆற்றுப் பக்கத்துக்காரர்களுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் சொல்லத் தெரியாது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் முதல் கரகம் யார் தலையில் என்ற பேச்சு வந்துவிட்டால் எல்லோருக்கும் பழைய காரணம் எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாயிரமாம் ஆண்டுத் திருவிழாவில் அந்தச் சண்டை கைகலப்பாகிவிட்டது. என் அப்பா விசுவநாதனுக்கு மூக்கு நுனியில் கோபம். எனக்கும் அவரிடமிருந்து வந்ததுதான். ஆற்றுப் பக்கத்துக்காரர் ஒருவர் தலையில் இருந்த கரகத்தை அப்பா பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான்கு எட்டுகூட வைக்கவில்லை. கால்வாய்ப் பாலத்தில் சறுக்கி, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக அந்த மண்குடம் சுக்குநூறாக உடைந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. சத்தம் எல்லாம் ஒரே நொடியில் அடங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஒரு லாரியில் மோதியது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே, கரகம் உடைத்த கை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் கரகம் உடைத்த வீடு. அம்மா சிரம்பானுக்குப் போய் ஒரு பித்தளைச் செம்பு வாங்கி வந்தாள். மண் என்றால் உடையும், பித்தளை உடையாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நம் வீட்டு முறை வரும்போது, முறைப்படி, தானே முதல் கரகம் எடுத்துக் கோயில் வரை கீழே போடாமல் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அம்மனிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

முறை என்று ஒன்றை உண்டாக்கியவர் கிராணியார் இராஜமாணிக்கம். எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர், நாற்பத்திரண்டாம் வீட்டுக்காரர். சீட்டுக் குலுக்கினால் சீட்டை மடிப்பார்கள், ஓட்டுப் போட்டால் ஓட்டை வாங்குவார்கள் என்று சொல்லி, இரண்டு பக்கமும் கை வைக்க முடியாத ஒரு விதியை அவர் போட்டார்.

விதி இதுதான். முதல் வருஷம் கோயிலிலிருந்து ஒரு வீடு நடக்க வேண்டும். இரண்டாம் வருஷம், போன வருஷ வீட்டிலிருந்து இரண்டு வீடு. மூன்றாம் வருஷம் மூன்று வீடு. வருஷம் ஏற ஏற நடையும் ஏறும். எப்போதும் முதலில் கோயில் பக்கமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். போய் நின்ற வீடு இதுவரை முறை வராத வீடாக இருந்தால் முதல் கரகம் அந்த வீட்டுக்கு. ஏற்கெனவே முறை வந்த வீடாக இருந்தாலோ, கோயிலில் போய் முட்டிக்கொண்டாலோ, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அதே எண்ணிக்கையை ஆற்றுப் பக்கமாக நடக்க வேண்டும். முறை வந்த வீட்டு வாசல் நிலையில் கிராணியார் மஞ்சள் பெயிண்டில் கையை முக்கி ஒரு தடம் பதிப்பார். பிறகு நாள் முழுக்க மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கொடியேற்றத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணு நாள். மேளம் முன்னால் போகும், கிராணியார் ஒவ்வொரு வாசலாக எண்ணிக்கொண்டு போவார், லயமே பின்னால் போகும். இதில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. எண்ணு நாளன்று வீட்டில் ஆள் இருந்து விளக்கு எரிய வேண்டும். பூட்டிய வீட்டில் எண் விழுந்தால் கரகம் கோயிலுக்குப் போய்விடும். அடுத்தது, யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கக் கூடாது. அம்மன் நடக்கிற நடையை நாம் முந்தி நடக்கக் கூடாது என்று கிராணியார் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவரும் சத்தியம் செய்தார்.

நம்பினால் நம்புங்கள், ஒருத்தரும் எண்ணவில்லை. காலேஜில் கணக்குப் படித்து டிப்ளோமா வாங்கிய நானும் எண்ணவில்லை. போன வீட்டுக்குத் திரும்பப் போகாது என்றார் கிராணியார். அப்படியானால் போகாத வீட்டுக்கெல்லாம் என்றாவது போய்விடும் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். எங்கள் முட்டாள்தனம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

முதல் வருஷம் ஒன்றாம் வீடு, அப்புறம் மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, பதின்மூன்று என்று போனது. ஏழாம் வருஷம் மேளம் எங்கள் வாசலுக்கு வந்தது. கிராணியார் எங்கள் வாசலில் “ஆறு” என்றார். அடுத்த வாசலில் “ஏழு” என்றார். இருபதாம் வீட்டுச் செல்லம் அக்காவுக்கு முறை. அம்மா குரவை போட்டாள். வீட்டுக்குள் வந்து செம்பைப் புளி போட்டு விளக்கி மறுபடியும் அலமாரியில் வைத்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் லோபாக்கில் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்தேன். அம்மா வரவில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் செண்டாயானில் சொந்த வீடு வாங்கி அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கினேன். அதற்கும் வரவில்லை. காலையில் செம்பனைத் தோப்பில் உதிரிப் பழம் பொறுக்கப் போவாள். முதுகு பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் படுப்பாள். மழை வந்தால் நடுவீட்டில் மூன்று வாளி வைப்பாள்.

“எண்ணு நாளன்னிக்கு வந்து வெளக்கு ஏத்துனா போதாதாம்மா?” என்று ஒருமுறை கத்தினேன்.

“குடியிருக்கணும் பிள்ள. அன்னிக்கு மட்டும் வந்து நின்னா அது ஆத்தாளுக்குத் தெரியாதா?”

“இந்த வீடு ஒன் தலையில விழப் போவுதுலா. அதுதான் நடக்கப் போவுது.”

“விழட்டும். முறை வந்தப்புறம் விழட்டும்.”

இவளிடம் யார் பேசுவது? நான் பேச்சை விட்டேன். வாரம் ஒருமுறை சாமான் வாங்கிப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புவேன்.

இரண்டாயிரத்து இருபதில் நோய்க்காலம் வந்து திருவிழாவே நின்றது. ஆனாலும் கிராணியார் முகக்கவசம் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக எண்ணினார். அறுபத்திரண்டாம் வீட்டிலிருந்து பின்னால் இருபது வீடு. அது அவருடைய சொந்த வீடு, நாற்பத்திரண்டு. தன் நிலையில் தானே கை பதித்தார். கரகம் இல்லை, மேளம் இல்லை. பாவம் என்று எல்லோரும் சொன்னோம்.

இருபத்து மூன்றில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் வீட்டிலிருந்து பின்னால் இருபத்து மூன்று வீடு நடந்து வந்தார்கள். அம்மா குளித்து, புதுச் சேலை கட்டி, செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். செல்லம் அக்கா வாசலில் இருபத்தொன்று. எங்கள் வாசலில் இருபத்திரண்டு. மேளம் எங்களைத் தாண்டிப் போய்ப் பதினெட்டாம் வீட்டு பாலசுப்ரமணியன் மாமா வாசலில் நின்றது. இந்தப் பக்கத்து வீட்டுக்கு வந்தாயிற்று, அந்தப் பக்கத்து வீட்டுக்கும் வந்தாயிற்று. நடுவில் நாங்கள் மட்டும் பாக்கி. அம்மாவுக்கு அன்றைக்கும் குரவை போட வாய் வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

அடுத்த வருஷம், இருபத்து நான்காவது எண்ணு நாள். பதினெட்டாம் வீட்டிலிருந்து பின்னால் போனால் கோயிலில் முட்டிவிடும் என்பதால் திரும்பி ஆற்றுப் பக்கமாக நடந்தோம். எங்கள் வாசலில் “ஒண்ணு” என்று சொல்லிவிட்டுக் கிராணியார் போனார். இருபத்து நான்காவது வாசலில் பெயிண்டில் கையை முக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேளக்காரரும் நின்றார்.

நாற்பத்திரண்டாம் வீடு. நிலையில் மஞ்சள் கை. அவருடைய கை.

அப்பா தலையிலிருந்து கரகம் விழுந்தபோது அடங்கியதே, அதே அமைதி. பிறகு ஆற்றுப் பக்கத்துக்காரர் ஒருவர், “தப்பா எண்ணிட்டாரு,” என்றார். மறுபடி எண்ணினோம். மூன்று முறை எண்ணினோம். மூன்று முறையும் அதே வாசல். கோயில் பக்கத்தில் யாரோ, “விதி போட்டவரு வீட்டுக்கே ரெண்டு தரமா,” என்று ஆரம்பித்தார்கள். கிராணியாரின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. கையில் வழிந்த பெயிண்ட் முழங்கை வரை இறங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. “போன வீட்டுக்குப் போவாது. நான்தானே போட்டேன். போவாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லம் அக்காதான் காப்பாற்றினாள். “அந்த வருஷம் திருவிழா இல்லியே. எடுக்காமப் போன கரகத்த ஆத்தா திருப்பிக் குடுக்குறா,” என்றாள். உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. குரவைச் சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. சற்று முன்னால் குறை சொன்னவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மா குரவை போடவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“சுபா, போன வீட்டுக்குப் போவாதுன்னாரு. போயிடுச்சு. அப்ப போவாத வீட்டுக்குப் போவும்னு என்னா நிச்சயம்?”

ஆறாம் வகுப்போடு நின்றவள் கேட்ட கேள்வி அது. டிப்ளோமாக்காரிக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் வேலையிடத்தில் பிரெண்டனைப் பிடித்தேன். பக்கத்து மேசைக்காரன், புரோகிராம் எழுதுகிறவன். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை அன்றைக்குத்தான் மீறினேன். விதியைச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் பத்து வரி தட்டினான்.

“இதோ பாரு, நாப்பத்திரெண்டு இருபதாவதுல வருது, இருபத்திநாலாவதுல திரும்ப வருது. கொரோனா வந்தாலும் வராட்டியும் அப்படித்தான்லா,” என்றான். “பின்னால போறப்பதான் போன எடமான்னு பாக்குறீங்க. முன்னால போறப்ப யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. விதியின் பாதியில் மட்டும் காவல் போட்டுவிட்டு, மறு பாதியைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

“மொத்தம் எத்தன வீடு?”

“அறுவத்தாறு.”

“இன்னும் ஒம்பது வருஷத்துல எழுவத்தொம்பதாம் வீட்டுக்குப் போவுது. ஆத்துக்குள்ளயா போவீங்க?” சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். “ஒனக்கு எந்த வீடு வேணும்?”

“பத்தொம்பது.”

நூறு வரை ஓட்டினான், இல்லை. ஆயிரம் வரை ஓட்டினான், இல்லை. நாலாம் வீடும் அஞ்சாம் வீடும்கூட நூற்று முப்பதாவது நடையை ஒட்டி வந்துவிட்டன. பத்தாயிரம் வரையிலும் பத்தொன்பது இல்லை. பிரெண்டனுக்கே சிரிப்புப் போய்விட்டது. ஒரு லட்சம் என்று போட்டுத் தட்டினான். ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. பத்தொன்பது வருவது தொண்ணூற்றொன்பதாயிரத்து எழுநூற்று முப்பத்து நான்காவது நடையில்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகிய கூரை, மூன்று வாளி, முதுகு வலி, நான் போட்ட சண்டை, பூட்டிக் கிடக்கும் என் வீட்டு அறை எல்லாம் அந்த எண்ணுக்குள் போய் விழுந்தன. இருபத்து நான்கு வருஷம் தெரியாமல் இருந்தது ஒரு நொடியில் தெரிந்துவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. பிரெண்டன் எதையோ தேடிப் படித்துவிட்டு, “இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கு சுபா. எல்லா எண்ணும் வருமான்னு பெரிய கணக்குக்காரங்களுக்கே தெரியலயாம். சில எண்ண எவ்வளவு தூரம் ஓட்டியும் காணோமாம்,” என்றான். என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னான்.

வேலை முடிந்து நேரே எஸ்டேட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் கிராணியார் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியவர்போல இருந்தார். அம்மா போட்டுக் கொடுத்த தேத்தண்ணி அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

“தனம், எனக்கு வந்தத நீ எடு. ஆத்தா எனக்குக் குடுத்தா, நான் ஒனக்குக் குடுக்குறேன். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க,” என்றார்.

“வேணாங்கய்யா. முறை இல்லாம எடுத்துத்தான் அன்னிக்கு அவரு கையில ஒடஞ்சுச்சு. நானும் முறை இல்லாம எடுக்கவா?”

“நீ இன்னும் எத்தன வருஷம்...”

“தொண்ணூத்தொம்பதாயிரத்து எழுநூத்தி முப்பத்திநாலு,” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிரெண்டன் ஓட்டியதையும், நாற்பத்திரண்டு எப்படியும் திரும்ப வந்திருக்கும் என்பதையும், ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். கிராணியார், “ஆயிரமா? ஆயிரமாம்மா சொல்ற?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பேரேட்டில் ஒரு சென்ட் பிசகாதவர். “நான் எண்ணிப் பாத்திருக்கணும் தனம். ஒரு தாள் எடுத்து எழுதிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒன் வாழ்க்கையையே...” என்றார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

“வருதா?”

“என்னாம்மா?”

“பத்தொம்பது வருதா, வரலியா? அத ஒழுங்காச் சொல்லு.”

“வருது. ஆனா...”

“சில எண்ணு வருமான்னே தெரியலன்னு சொன்னாங்கன்ன. அதுல நம்ம எண்ணு இல்லியே?”

“இல்ல. நம்மளுது வருது.”

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “அவரு ஒடச்சதுக்கு நம்ம வீட்டையே ஆத்தா கணக்குல இருந்து அடிச்சிட்டான்னு நெனச்சேன் பிள்ள. ஒவ்வொரு வருஷமும் பக்கத்துல வந்து வந்து போறப்பல்லாம் அதான் நெனப்பேன். அடிக்கல. வருது,” என்றாள்.

என் அம்மா கரகத்துக்காகக் காத்திருந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள் காத்திருந்தது அந்தப் பதிலுக்காக. இருபத்து நான்கு வருஷம் அவள் மனசுக்குள் இப்படி ஒரு பயம் இருந்ததை, வாராவாரம் வந்து சண்டை போட்ட எனக்கு ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு விழுந்த பெரிய அடி தொண்ணூற்றொன்பதாயிரம் இல்லை, இதுதான்.

அந்த வருஷம் கிராணியார் கரகம் எடுக்கவில்லை. கோயிலே எடுத்தது. திருவிழா முடிந்த மறு ஞாயிறு அம்மாவே போன் போட்டு, “காரு கொண்டுட்டு வா,” என்றாள். துணிமணி இரண்டு பை, சாமிப் படம், அரிசி டின், மூன்று வாளி. வாளி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பித்தளைச் செம்பை மட்டும் புளி போட்டு விளக்கி, அலமாரியில் வைத்த இடத்திலேயே வைத்தாள்.

“அத எடுத்துக்கோம்மா.”

“அது இந்த வீட்டுது.”

கதவைப் பூட்டிவிட்டுச் செல்லம் அக்காவிடம் சொல்லிக்கொண்டாள். பிறகு நாற்பத்திரண்டாம் வீடு வரை நடந்தே போனாள். நான் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். கிராணியார் வாசலுக்கு வந்தார். அம்மா சாவியை நீட்டினாள்.

“பத்தொம்பதுக்கு வர்றப்ப தொறந்து வெளக்கு ஏத்திடுங்கய்யா. செம்பு அலமாரியில இருக்கு.”

அவர் மஞ்சள் கறை போகாத இரண்டு கையாலும் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு.